போஸ்டரா, மேடையா? ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்

ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் படிவத்தில் கடைசிக் கேள்வி பெரும்பாலும் இதுதான்: போஸ்டரா, ஓரலா (அதாவது மேடையில் பேசுவதா), எதுவானாலும் சரியா? அதற்கு மேலே இருக்கும் 250 வார்த்தைக்கு மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இந்தக் கட்டத்துக்கு மூன்று நொடிகூடச் செலவழிப்பதில்லை. கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு எனக்கு வாட்ஸ்அப் வரும். "மேடம், எதை டிக் பண்ணட்டும்? எதுல பிரைஸ் சான்ஸ் அதிகம்?"

நான் கடலூர்க்காரி. புதுச்சேரி பக்கத்தில் ஒரு கல்லூரியில் சமுதாய மருத்துவத் துறையில் வேலை. இந்தப் பக்கம் மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆய்வை மேடையேற்ற இடத்துக்குப் பஞ்சமில்லை. கடலூர் சாலையில் முள்ளோடை தாண்டினால் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் என்று வரிசையாகக் கல்லூரிகள். ஊருக்கு அந்தப் பக்கம் கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி. தெற்கே போனால் சிதம்பரம். ரிசர்ச் டே, ஆய்வுக் கண்காட்சி, மாணவர் மாநாடு என்று பெயர் மாறும். படிவத்தில் அந்தக் கேள்வி மாறாது.

பேச வசதியாக, என்னிடம் வந்த மூன்று ஆய்வுகளை எடுத்துக்கொள்கிறேன். ஆள் அடையாளம் வேண்டாம், ஆய்வு போதும்.

முதலாவது, பண்ருட்டிப் பக்கத்து மாணவி. முந்திரி உடைக்கும் பெண்களின் கைகளைப் பற்றிய ஆய்வு. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. அதில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலில் பட்டால் புண்ணாகும், கறுக்கும், தோல் உரியும். சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு உடைப்பவர்கள் உண்டு. கையுறை போட்டால் வேகம் வராது என்று கழற்றி வைப்பவர்களும் உண்டு. யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று ஒவ்வொருவரையும் கேட்டு, கையைப் பார்த்து, எழுதிக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது, எம்.பி.பி.எஸ். படிக்கும் பையன். ஆய்வகத்தில் உட்கார்ந்து சிறுநீர்க் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பதிவேடுகளைப் புரட்டி, ஈ.கோலை கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படுகிறது, எதற்கு மசியவில்லை என்று பெரிய அட்டவணையாகப் போட்டான்.

மூன்றாவது, ஒரு நர்சிங் மாணவி. தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் பெண்கள் சிலர் பிரஷர் மாத்திரையை ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று அவர்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தாள். எண்கள் அவ்வளவாக இல்லை. பேச்சுதான் சரக்கு.

முதல் இரண்டு பேரும் ஓரல் வேண்டும் என்றார்கள். மூன்றாமவள் போஸ்டர் போதும் என்றாள். மூன்று பேருமே மாற்றிக் கேட்டார்கள் என்பது என் கட்சி.

ஓரல் என்றால் உசத்தி, போஸ்டர் என்றால் ஆறுதல் பரிசு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. போஸ்டர் என்பதே மருத்துவ மாநாடுகளில் பின்னால் வந்து சேர்ந்த வடிவம். பேச ஆள் கூடிப்போய் நேரம் போதாமல், 1960களின் இறுதியில் ஐரோப்பாவிலும் 70களில் அமெரிக்காவிலும் சுவரில் ஒட்டும் வழக்கம் பரவியது. ஆக, மேடை கிடைக்காதவர்களுக்கு என்று பிறந்ததுதான் போஸ்டர். அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2018இல் வெளிவந்த ஒரு காக்ரேன் தொகுப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு அது), மாநாடுகளில் வைக்கப்பட்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சுருக்கங்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் முழுக் கட்டுரையாக இதழில் வந்தவை ஏறக்குறைய 37 சதவீதம். அதிலும் மேடையில் பேசப்பட்டவை போஸ்டரைவிட அதிகமாக அச்சேறியிருந்தன. "பாத்தீங்களா மேடம்" என்பார்கள் பிள்ளைகள். ஆனால் பேசியதால்தான் அச்சேறியது என்று எப்படிச் சொல்வது? நல்ல சுருக்கங்களைத் தேர்ந்தெடுத்து மேடைக்கு அனுப்புவது அந்தந்தக் குழுதானே. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தால் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது; சொந்தக்காரர்களை முதல் வரிசையில் உட்கார வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, போஸ்டருக்கு வருவோம். எனக்குப் பிடித்தது அதுதான், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

அச்சடித்த போஸ்டரின் பெரிய லாபம் நேரம். மேடையில் உங்களுக்குக் கிடைப்பது ஏழெட்டு நிமிடம், அப்புறம் கேள்விக்கு இரண்டு நிமிடம், மணி அடித்தால் இறங்க வேண்டியதுதான். போஸ்டர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்கலாம். வருகிறவர் தோல் மருத்துவரா, புள்ளியியல் ஆசிரியரா, முதலாண்டுப் பையனா என்று பார்த்து அதற்கேற்ற மாதிரி கதையைச் சொல்லலாம். என் பேச்சைக் கேட்டுப் போஸ்டருக்கு மாறிய முந்திரி மாணவி, நிகழ்ச்சி அன்றைக்கு அந்தக் கதையைப் பத்துப் பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பாள். ஐந்தாவது தடவையிலேயே எங்கே தடுமாறுகிறோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. ஒரு தோல் மருத்துவர் வந்து, "இது எரிச்சலால வந்ததா, அலர்ஜியால வந்ததா? எப்படிப் பிரிச்சீங்க?" என்று கேட்டார். பிரிக்கவில்லை. பேட்ச் டெஸ்ட், அதாவது சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டி அலர்ஜியா என்று பார்க்கும் சோதனை, செய்ய வசதியில்லை. மேடையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் முகம் வெளுத்துப் போயிருக்கும். போஸ்டர் பக்கத்தில் என்ன ஆயிற்று என்றால், அவரே அங்கே பத்து நிமிடம் நின்று, வீட்டில் லீவு நாட்களில் குறைகிறதா என்று கேட்டிருக்கலாம், முகத்திலும் வந்ததா என்று பார்த்திருக்கலாம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தன் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டாள்.

இளநிலைப் பிள்ளைகளின் ஆய்வு முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும். குறை சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்திவரும் மாணவர் ஆய்வுத் திட்டத்தையே பாருங்கள். எஸ்.டி.எஸ். என்றால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். அதற்கே காலம் இரண்டு மாதம். இரண்டு மாதத்தில், வகுப்புக்கும் வார்டுக்கும் நடுவில் எடுத்த தகவலில் ஓட்டை இருக்கத்தான் செய்யும். அந்த ஓட்டையை அன்பாகக் காட்டிக்கொடுக்க ஒருவர் வேண்டும் என்றால் போஸ்டர்தான் இடம். மேடையில் நூறு பேர் முன்னால் யாரும் அன்பாகக் காட்டமாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் படிவத்தில் எழுதுவதில்லை: மொழி. மேடையில் ஆங்கிலம்தான். கேள்வியும் ஆங்கிலம், பதிலும் ஆங்கிலம். பத்தாவதுவரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும், வாய் வராது. போஸ்டர் பக்கத்தில் முதல் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் ஓடும். அப்புறம் ஜட்ஜே, "சரி, சொல்லும்மா, எப்படி ஆள் சேர்த்த?" என்று தமிழுக்கு வந்துவிடுவார். அங்கிருந்து பிள்ளையின் முகமே வேறு. இதை நான் பலதடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆனால் போஸ்டருக்கு என்று ஒரு தலைவலி உண்டு, அதன் பெயர் அச்சுக்கடை.

மிஷன் வீதிப் பக்கம் ஒரு கடையில் போய் நின்றால், முன்னால் கோயில் திருவிழா ஃபிளெக்ஸ், பின்னால் கண்ணீர் அஞ்சலி, நடுவில் நம் ஈ.கோலை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு வெள்ளைப் பின்னணி என்றாலே ஆகாது. "மேடம், பின்னாடி ஒரு லைட் ஷேடு கொடுத்தா எடுப்பா இருக்கும்." வேண்டாம் தம்பி. "ஓரத்துல ஒரு பார்டராவது?" அதுவும் வேண்டாம். பிடிஎஃப் ஆக மாற்றி, பென்டிரைவில் கொண்டுபோய், அவரை அதைத் திறக்க மட்டும் விடுங்கள், திருத்த விடாதீர்கள்.

அளவைத் தொடங்கும்போதே பாருங்கள். ஏ-0 தாள் என்றால் 84.1க்கு 118.9 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பலகைகள் பெரும்பாலும் மூன்றடிக்கு நான்கடி, அதாவது ஏறக்குறைய 91க்கு 122. நிறுத்தி வைத்தால் ஏ-0 கச்சிதமாக உட்காரும். படுக்கை வசத்தில் செய்துகொண்டு போனால் இரண்டு பக்கமும் காது மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பவர்பாயிண்டில் முதலிலேயே ஸ்லைடு அளவை இதற்கு மாற்றிவிட்டுத்தான் ஒரு எழுத்தாவது தட்ட வேண்டும். எல்லாம் முடித்துவிட்டுப் பெரிதாக்கினால், எக்செல்லிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டிய வரைபடம் செங்கல் செங்கலாகத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டும், அதனால் உள்எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போகவேண்டாம். தலைப்பு 80 இருக்கலாம்.

ஃபிளெக்ஸா காகிதமா என்றால், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஃபிளெக்ஸ் அல்லது துணி என்பேன், கண்ணை மூடிக்கொண்டு. காகிதம் பளிச்சென்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நான் மாணவியாக இருந்தபோது மேட் காகிதத்தில் கடலூரிலேயே அடித்து, சுருட்டி, தினசரித் தாள் ஒன்றைச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அரியாங்குப்பம் தாண்டும்போது மழை பிடித்தது. ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. மண்டபத்தில் போய் விரித்தால் 'முடிவுகள்' கட்டம் முழுக்க நீல மசி வழிந்து குளமாகக் கிடந்தது. அறிமுகமும் நன்றியுரையும் மட்டும் பத்திரமாக இருந்தன. ஜட்ஜ் வந்து, "ரிசல்ட் எங்கேம்மா?" என்றார். நான் வாயால் சொன்னேன். பரவாயில்லை, என் முதல் ஓரல் அதுதான்.

போஸ்டரில் எவ்வளவு எழுதுவது என்பதில் எனக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் ஓயாத சண்டை. 2019இல் மைக் மாரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், நடுவில் ஒரே ஒரு முடிவை எளிய வாக்கியமாகப் பெரிய எழுத்தில் போடு, விவரமெல்லாம் ஓரத்தில், முழுக் கட்டுரைக்கு ஒரு க்யூஆர் கோடு என்று ஒரு வடிவத்தைக் காணொளியாக வெளியிட்டார். உலகம் முழுக்கப் பேசப்பட்டது. முந்திரி மாணவிக்கு அதைச் செய்து பார்க்கச் சொன்னேன். அவளுடைய இன்னொரு கைடு பார்த்துவிட்டு, "என்ன இது, இவ்வளவு இடம் காலியா கிடக்கு? வேலை செஞ்ச மாதிரியே தெரியலையே" என்றார். கடைசியில் சமரசம்: நடுவில் ஒரு பெரிய வாக்கியம், சுற்றிலும் வழக்கமான அறிமுகம், முறை, முடிவு, விவாதம். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. நம் ஊர் ஜட்ஜ்கள் மதிப்பெண் தாளில் 'முறையியல்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள், அது போஸ்டரில் கண்ணுக்குப் படவில்லை என்றால் பூஜ்யம்.

படம் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. முந்திரி மாணவி கைகளைப் படம் எடுத்தபோது கையெழுத்து வாங்கித்தான் எடுத்தாள். முகம் வரவில்லை. ஆனால் ஒரு படத்தில் முன்கையில் பச்சை குத்திய புருஷன் பெயர் பளிச்சென்று தெரிந்தது. முகத்தை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால் இப்படித்தான், கை காட்டிக்கொடுத்துவிடும். மணிக்கட்டோடு வெட்டினோம். நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணைப் போஸ்டரின் அடியில் போட மறந்தால் சில இடங்களில் ஜட்ஜ் நின்று பார்க்கவே மாட்டார்.

இப்போது மேடை.

நம் நர்சிங் மாணவி போஸ்டர் போதும் என்றதற்குக் காரணம் பயம். வேறொன்றும் இல்லை. ஆனால் அவளுடைய ஆய்வைப் போஸ்டரில் போட்டுப் பார்த்தோம், செத்துப்போய்விட்டது. 'மறதி', 'செலவு', 'பக்கவிளைவு', 'வசதியின்மை' என்று நான்கு கட்டம். எந்த ஊரிலும் எந்த ஆய்விலும் வரக்கூடிய நான்கு கட்டம். அவள் பதிவில் இருந்ததோ வேறு. ஒரு அம்மா சொல்லியிருந்தார்: "அந்த மாத்திரை போட்டா ஒண்ணுக்கு வந்துகிட்டே இருக்கு. கூடையைப் போட்டுட்டு மார்க்கெட்டுல நான் எங்கம்மா போறது?" தண்ணீர் மாத்திரை என்று மக்கள் சொல்லும் டையூரெடிக். விடியற்காலையில் கடற்கரையில் ஏலம் எடுத்து, மதியம்வரை கூடையோடு உட்காருபவருக்கு அந்த மாத்திரை ஒரு பெரிய பிரச்சினை. இதை 'வசதியின்மை' என்று ஒரு கட்டத்துக்குள் அடைத்தால் ஆய்வில் என்ன மிச்சம்?

ஒன்றன்பின் ஒன்றாக, இந்த வரிசையில்தான் சொன்னால் புரியும் என்று ஒரு விஷயம் இருந்தால் அதற்கு மேடைதான். கேட்பவர் நடுவில் குறுக்கே வரமாட்டார், நீங்கள் நிறுத்தும் இடத்தில் நிற்பார். போஸ்டரில் அது நடக்காது. படிக்கிறவர் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குவார், பாதிப்பேர் முடிவுரையிலிருந்து.

ஆகவே அவளைப் பிடித்துத் தள்ளி மேடைக்கு அனுப்பினேன். ஆங்கிலத்துக்கு ஒரு வழி செய்தோம். அந்த அம்மாக்களின் வார்த்தைகளைத் தமிழிலேயே வாசிப்பது, அப்புறம் ஒரு வரி ஆங்கிலத்தில் பொருள் சொல்வது. விதிமுறையில் இது கூடாது என்று எங்கும் எழுதவில்லை. எட்டு நிமிடத்துக்கு ஏழு ஸ்லைடு. பேச்சை முழுக்க எழுதி மனப்பாடம் செய்யவிடவில்லை; முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டும் மட்டும் மனப்பாடம், நடுவில் ஸ்லைடைப் பார்த்துப் பேசு என்றேன். மனப்பாடம் செய்தவர்கள் ஒரு வார்த்தை தவறினால் முதலிலிருந்து தொடங்குவார்கள், திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டி மாதிரி.

அப்புறம் எழுத்துரு. இதில் நானே கெட்டிருக்கிறேன், அதனால் தனியாகச் சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு கருத்தரங்கில் என் ஸ்லைடில் தமிழ் மேற்கோள்கள் இருந்தன, பாமினி எழுத்துருவில் தட்டியவை. மண்டபத்துக் கணினியில் பாமினி இல்லை. திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் பிறை அடைப்புமாகப் பொரிந்து கிடந்தது. நூறு பேருக்கு முன்னால் "இது வந்து... தமிழ்" என்றேன். ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டுங்கள், பிடிஎஃப் பிரதி ஒன்றும் கையில் வைத்திருங்கள், மண்டபத்தில் காலையிலேயே போய் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அந்தக் கூடை வாக்கியத்தை அவள் வாசித்தபோது முன்வரிசையில் இருந்த பொது மருத்துவர் கையை உயர்த்திவிட்டார், கேள்வி நேரம் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போடச் சொன்னார்கள், வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று யாராவது பார்த்தார்களா என்று. மூன்றாவது கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. "பாக்கலை சார், அது எங்க ஆய்வுல வரலை" என்றாள், தமிழில். அது போதுமான பதில்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஜட்ஜ்கள் மதிப்பெண் குறைத்து நான் பார்த்ததில்லை. சுற்றி வளைப்பதற்குக் குறைப்பார்கள்.

ஈ.கோலை பையனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். அவன் என் பேச்சைக் கேட்கவில்லை. ஓரல்தான் வேண்டும் என்று போனான். கிடைத்தும்விட்டது. எட்டு நிமிடத்தில் ஒன்பது அட்டவணை. பதினைந்து ஆன்டிபயாடிக்கின் பெயரையும் சதவீதத்தையும் வரிசையாக வாசித்தான். நைட்ரோஃபுரன்டாயின் வரும்போதே பாதி மண்டபம் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. வேலை மட்டமா என்றால், கிடையவே கிடையாது. மூன்று பேரில் உழைப்பு அதிகம் அவனுடையது. அட்டவணை என்பது தேடிப் பார்க்கும் பொருள். சிறுநீரக மருத்துவர் ஒருவர் வந்தால் தான் தினமும் எழுதும் மருந்து எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்ப்பார். மகப்பேறு மருத்துவர் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடியதை மட்டும் பார்ப்பார். ஆளுக்கு ஒரு வரி வேண்டும், யாருக்கும் எல்லா வரியும் வேண்டாம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்து ஒரே பெரிய கட்டமாகப் போஸ்டரில் போட்டிருந்தால் அதன் முன்னால் கூட்டம் நின்றிருக்கும்.

சதவீதம் என்றதும் ஞாபகம் வருகிறது. 12 பேரில் 8 பேர் என்றால் 66.67 சதவீதம் என்று எழுதாதீர்கள், போஸ்டரானாலும் மேடையானாலும். '12இல் 8' என்று எழுதினால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். இரண்டு தசமப் புள்ளி போட்டால் புள்ளியியல் ஆசிரியர் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்.

இ-போஸ்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அச்சுக்கூலி மிச்சம், மழையில் நனையாது, அமைப்பாளர்களுக்குப் பலகை வாடகை மிச்சம். ஆனால் ஒரு டிவித் திரையைப் பத்துப் பேர் பங்குபோட வேண்டும். உங்கள் முறைக்கு ஐந்து நிமிடம், அந்த ஐந்து நிமிடத்தில் ஜட்ஜைத் தவிர யாரும் அங்கே இருக்கமாட்டார்கள், முறை முடிந்ததும் உங்கள் ஆய்வு திரையிலிருந்து மறைந்துவிடும். போஸ்டரின் நீண்ட நேரமும் இல்லை, மேடையின் கவனமும் இல்லை. அசையும் படமோ அல்ட்ராசவுண்ட் காணொளியோ காட்ட வேண்டியிருந்தால் மட்டும் எடுங்கள். மற்றபடி, வேறு வழி இருக்கும்போது நான் யாருக்கும் சொல்வதில்லை.

மூன்று நிமிடப் பேச்சு என்று ஒன்றும் இப்போது சில இடங்களில் சேர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கியது. அப்போது அங்கே கடும் வறட்சி. குளிப்பதற்கு மூன்று நிமிடம் என்று பாத்ரூம் சுவரில் மணல் கடிகாரம் ஒட்டி வைத்திருந்தார்களாம், அதைப் பார்த்து வந்த யோசனை. ஒரே ஸ்லைடு, அசைவு கிடையாது, கையில் பொருள் எதுவும் கொண்டுவரக்கூடாது. முதலில் முனைவர் பட்ட மாணவர்களுக்கென்று வந்தது. ஒரு ஆய்வை வருடக்கணக்கில் செய்தவருக்குத்தான் எதை விடலாம் என்று தெரியும். இரண்டு மாத ஆய்வைச் செய்த பிள்ளையிடம் மூன்று நிமிடத்தில் சொல் என்றால் அறிமுகத்திலேயே மணி அடித்துவிடும். பயிற்சிக்கு நல்லது, வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், போட்டிக்கு அவசரமில்லை.

'எதுவானாலும் சரி' என்ற கட்டம் இருக்கிறதே, அதை டிக் செய்தால் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். மேடையில் பத்து இடம், பலகை ஐம்பது என்றால் குழு இவரைப் பலகைக்குத் தள்ளிச் சேர்த்துக்கொள்ளும். நிராகரிப்பைவிட அது மேல். என் சங்கடம் வேறு: அதை டிக் செய்தவர்கள் முடிவு வரும்வரை இரண்டையும் தயாரிக்கமாட்டார்கள். முடிவு வந்தால் கையில் ஒரு வாரம் இருக்கும். நர்சிங் மாணவி மாதிரி ஒரே வடிவத்தில்தான் உயிர் இருக்கிறது என்றால் ஓரல் மட்டும் டிக் செய்துவிட்டு, கிடைக்காவிட்டால் அடுத்த நிகழ்ச்சிக்கு அனுப்புங்கள். மற்றவர்கள் தாராளமாக இதை டிக் செய்யலாம்.

நான்கைந்து பேர் சேர்ந்து செய்த ஆய்வு என்றால் போஸ்டர்தான், விவாதமே வேண்டாம். மேடையில் ஒருவர்தான் பேச முடியும், மீதிப்பேர் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு அப்புறம் ஒரு வாரம் அவரோடு பேசமாட்டார்கள்.

பரிசு? நர்சிங் மாணவிக்கு மேடையில் இரண்டாம் பரிசு. முந்திரி மாணவிக்கு ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் கொடுக்கும் சர்டிபிகேட்தான். ஈ.கோலை பையன் மறுவருடம் அதே தகவலைப் போஸ்டராக்கி வேறொரு கல்லூரிக்குக் கொண்டுபோனான். என்னிடம் சொல்லாமல் கொண்டுபோனான் என்பது வேறு விஷயம்.

போஸ்டரைப் பற்றி இன்னொன்று அப்போது எனக்கே தோன்றியிருக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்த வாரம் முந்திரி மாணவி அந்த ஃபிளெக்ஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, தகவல் எடுத்த அந்த உடைக்கும் கொட்டகைக்கே போயிருக்கிறாள். காட்டிவிட்டு வரலாம் என்று. கம்பத்தில் கட்டி விரித்ததும் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். மணிக்கட்டோடு வெட்டிய படம்தான். ஆனாலும் ஒருவர் நேராக வந்து விரலை வைத்து, "இது என் கைதான், நகத்தைப் பாரு" என்றாராம். பின்னால் நின்ற பெரியம்மா ஒருவர், "எல்லாம் இங்கிலீசுல இருக்கே. எங்க கையைப் பத்தி என்னடி எழுதியிருக்க, படிச்சுக் காட்டு" என்றிருக்கிறார். முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். முறையியல் கட்டத்தில் அவர்களுக்கு அக்கறை இல்லை. கையுறை கட்டத்துக்கு வந்தபோது மட்டும் மேஸ்திரியைக் கூப்பிட்டு நிறுத்தி, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்களாம்.